பரணில் உறங்கும் தையற்பொறி

நம் இல்லங்களில் ஒரு காலத்தில் தவறாது கேட்ட ஓசைகள் சில உண்டு. விடியற்காலையில் ஆட்டுக்கல் எழுப்பிய ஓசை. அந்திவேளையில் ஆலய மணியின் ஓசை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய வாரங்களில், இரவு நெடுநேரம் வரை கூடத்து மூலையிலிருந்து எழுந்த தையல் இயந்திரத்தின் தடதடப்பு ஓசை. ஒரே துணியை மொத்தமாக வாங்கி, வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நிறத்தில் சட்டையும் பாவாடையும் தைத்து அணிவித்து, வரிசையாகப் பூசைக்கு அழைத்துச் சென்ற தாய்மாரை நம்மில் பலர் இன்னும் மறந்திருக்க முடியாது.

அவ்வோசை இன்று அருகிவிட்டது. ஆயத்த ஆடைகள் மலிந்தன. தையல் தெரிந்த கைகள் குறைந்தன. இயந்திரம் பரணுக்கு ஏறியது. பரணுக்கு ஏறிய பொருள் என்றேனும் ஒருநாள் பழைய இரும்புக் கடைக்கு இறங்கியே தீரும். அவ்வாறு இறங்கும் வழியிலேயே அதனைத் தடுத்து நிறுத்தி, மீண்டும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் கருவியாக ஆக்க இயலுமா? இக்கேள்வியோடு திருச்சிராப்பள்ளியின் கடைவீதிகளிலும் திருவரங்கத்தின் வீதிகளிலும் மூன்று திங்கள் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றவற்றையும், ஒரு முறை தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

தேடல் தொடங்கிய விதம்

என் மனைவியின் தோழியினுடைய மகள் ஒருத்தி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஆறு மாதம் தையற் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். ஆனால், சான்றிதழ் துணி தைக்காது அன்றோ! புதிய இயந்திரத்தை மேசையோடும் மிதியோடும் வாங்குவதற்கு வேண்டிய தொகையில் ஏறத்தாழப் பாதிதான் அவள் கையில் இருந்தது: ஐயாயிரம் ரூபாய். கடன் வாங்க அஞ்சினாள். "மாமா, பழைய மிஷின் ஒன்று நல்லதாக இருந்தால் பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டாள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றே நானும் எண்ணினேன்.

இதனைப் படிப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறேன். தையல் கற்ற ஏழைக் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்கும் அரசுத் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் சமூகநலத் துறையின் வழியாக நடைபெறுவது. வயதுவரம்பு, வருமான வரம்பு, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை பார்க்கப்படும். தகுதியுடையோர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகுதல் வேண்டும். இப்பெண்ணும் மனுக் கொடுத்தாள். ஆனால், மனு கனியும் வரை பிள்ளைகளின் பசி பொறுத்திருக்குமா? ஆகவே தேடலைத் தொடங்கினோம்.

பொறி பிறந்த கதை

பழைய இயந்திரத்தைத் தேடுவோர் அதன் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். வரலாறு தெரிந்தவனைக் கடைக்காரர் எளிதில் ஏமாற்ற முடியாது.

பிரான்சு நாட்டுத் தையற்காரரான பார்த்தலமி திமோனியே என்பவர் 1830-ஆம் ஆண்டில் ஒரு தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். படைவீரர்களுக்குச் சீருடை தைக்கப் பாரிசு நகரில் எண்பது பொறிகளைக் கொண்டு ஒரு தொழிற்கூடமும் அமைக்கப்பட்டது. தம் பிழைப்பு போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-ஆம் ஆண்டில் திரண்டு வந்து அப்பொறிகளை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857-இல் வறுமையிலேயே மாண்டார். பின்னர் அமெரிக்காவில் எலியாசு ஓவ் என்பவர் 1846-ஆம் ஆண்டில், ஊசியின் முனையருகே துளையிட்டு, மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிணைக்கும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் மெரிட் சிங்கர் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

சிங்கரின் பெயர் உலகெங்கும் பரவியதற்குப் பொறியின் திறம் மட்டும் காரணமன்று. விற்ற முறையும் காரணம். அவருடைய பங்காளியான எட்வர்டு கிளார்க் 1856-ஆம் ஆண்டில் தவணைமுறையைக் கொண்டுவந்தார். சிறுதொகை கொடுத்துப் பொறியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மீதியை மாதந்தோறும் கட்டலாம். பொறியே உழைத்துத் தன் கடனைத் தானே தீர்க்கும் என்பது இதன் உட்பொருள். இம்முறை ஆசியாவுக்கும் வந்தது. இலங்கையில் 1877-ஆம் ஆண்டிலேயே சிங்கர் கடை திறக்கப்பட்டுவிட்டது. இந்தியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நகரத்துத் தையற்காரரின் திண்ணையில் பொறி ஏறிவிட்டது.

நம் நாட்டுக்கு வந்த சிங்கர் இயந்திரங்களுள் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் கிளைடுபாங்கு என்னும் ஊரில் செய்யப்பட்டவை. அங்கே கில்போவி என்னுமிடத்தில் 1885-இல் திறக்கப்பட்ட தொழிற்சாலை, 1913-ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்களை அனுப்பியது. அத்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால், அவ்வூர் இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் "சிங்கர்" என்பதே.

இயந்திரங்களைக் குறைகூறிய காந்தியடிகளும் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பது பலரும் அறிந்தது. 1924-ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் என்ற மாணவருடன் உரையாடியபோது, இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள சில பொருள்களுள் சிங்கர் தையற்பொறியும் ஒன்று என்று அவர் ஒப்புக்கொண்டார். மனிதரின் உழைப்பைப் பறிக்காமல், அதன் சுமையை மட்டும் குறைக்கும் பொறி என்பதே அவர் கண்ட வேறுபாடு.

1930-களின் நடுவில் கல்கத்தாவில் தோன்றிய ஜெய் இஞ்சினீயரிங் தொழிற்சாலை "உஷா" என்னும் பெயரில் நம் நாட்டுப் பொறியைக் கொண்டுவந்தது. பின்னர், பஞ்சாபின் லூதியானா நகரம் தையற்பொறிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பெயர்பெற்றது. இன்று பழைய பொருட் கடைகளில் நாம் காண்பவை பெரும்பாலும் இம்மூவகைதாம்: கிளைடுபாங்கு சிங்கர், கல்கத்தா உஷா, லூதியானாவின் பல பெயர்ப் பொறிகள். அரிதாகச் செருமானிய நாட்டு "பாஃப்" ஒன்று கண்ணிற்படும்.

கடைவீதியில் கண்டவை

முதலில் மெயின்கார்டு கேட் பக்கம் சென்று, தெப்பக்குளத்தைச் சுற்றிப் பெரிய கடைவீதி வரை நடந்தேன். புதிய இயந்திரம் விற்போர் சிலர், பழையதை மாற்றாக எடுத்துக்கொள்வதுண்டு. அவ்வாறு வந்தவை கடையின் பின்கட்டில் அடுக்கப்பட்டிருக்கும். முகப்பில் அவற்றைக் காண இயலாது, கேட்டால்தான் காட்டுவர். அடுத்து, பாலக்கரையிலும் காந்தி மார்க்கெட் பக்கத்திலும் பழைய இரும்பு வாங்குவோரிடம் விசாரித்தேன். அங்கே பொறியின் தலை வேறு, கால் வேறாகக் கிடக்கும். வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் தேடி வருவோரும் உளர். பூவேலைப்பாடு மிக்க அக்கால்களின் மேல் பலகையோ கல்லோ பொருத்தி, உணவு விடுதிகளுக்கு மேசையாக விற்றுவிடுகின்றனர். கால் போன தலை, எடைக்கு எடை இரும்பாகப் போகிறது. தைப்பதற்கென்று பிறந்த பொருள் இவ்வாறு இரு துண்டாகி அழிவதைக் காண நெஞ்சு வருந்துகிறது.

பாலக்கரையில் ஒரு கடையில் கறுப்பு நிறத் தலையொன்று கிடந்தது. பொன்னிற ஓவியம் இன்னும் மங்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய் என்றார் கடைக்காரர். மனம் தாவியது. நல்லவேளையாக, நாற்பது ஆண்டுகளாகத் தையற்பொறி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவரை யாவரும் "பாய்" என்றே அழைப்பர். பாய் தலையைத் தூக்கிக் கவிழ்த்தார். அடிப்புறத்தை விரல் நகத்தால் சுரண்டினார். ஓரிடத்தில் கறுப்பு வண்ணம் செதில் செதிலாக வந்தது. உள்ளே பற்றவைத்த தழும்பு தெரிந்தது. "சார், இது கீழே விழுந்து உடைந்த மிஷின். முகத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள்" என்றார். அன்று கற்ற முதற்பாடம் அதுவே.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

பாய் எனக்குக் கற்பித்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, கைச்சக்கரத்தை நம் பக்கமாக மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு முழுச் சுற்றிலும் எங்கும் சிக்காமல் சுழல வேண்டும். எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால் சுற்று முழுவதும் ஒரேவிதமாகக் கனக்கும். அது தீரக்கூடிய குறை. ஒரே இடத்தில் மட்டும் முட்டி நின்றால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. சக்கரம் சுழன்றும் ஊசி அசையவில்லையென்றால் அஞ்ச வேண்டா. சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழ் தளர்ந்திருக்கலாம். பாபினுக்கு நூல் சுற்றும்போது தளர்த்துவதற்கென்றே அமைந்த குமிழ் அது.

இரண்டாவது, ஊசித்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். நன்கு ஆடினால் தேய்மானம் மிகுதி என்று பொருள். துணியைத் தள்ளும் பற்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கூர் மழுங்கிய பற்கள் துணியை இழுக்காது. அதனை மாற்றலாம், ஆயினும் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அடிநூலின் அமைப்பு. பழைய சிங்கரில் 27, 28, 127, 128 என்னும் வகைகளில் படகு போன்ற நீண்ட ஷட்டில் இருக்கும். அதனுள் குச்சி போன்ற மெல்லிய பாபின் செல்லும். 15, 66 முதலிய வகைகளில் வட்டமான பாபின் இருக்கும். படகு ஷட்டில் பொறி கெட்டதன்று. மிக அழகாகத் தைக்கும். ஆனால், ஷட்டில் தொலைந்த பொறியை வாங்கினால் அதைத் தேடி அலைய நேரும். வட்டப் பாபின் வகையோ, குறிப்பாக 15-ஆம் வகை, உலகெங்கும் படியெடுக்கப்பட்ட ஒன்று. சப்பானியரும் நம் நாட்டாரும் அதன் அமைப்பையே பின்பற்றினர். ஆகவே அதற்கு உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். பிழைப்புக்கென வாங்குவோர்க்கு இதுவே ஏற்றது.

நான்காவது, ஊசி. மிகப் பழைய பொறிகள் சிலவற்றுக்கு, எடுத்துக்காட்டாக 1865-இல் வெளிவந்த சிங்கர் 12-ஆம் வகைக்கு, உரிய ஊசி இன்று அரிதாகிவிட்டது. ஊசி கிடைக்காத பொறி காட்சிப் பொருளாகலாம்; சோறு போடாது.

ஐந்தாவது, தொடர் எண். சிங்கரில் அடித்தட்டின் வலப்புறம் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் மட்டும் இருந்தால் 1900-ஆம் ஆண்டுக்கு முந்தியது. எழுத்தும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. "ஒய்", "எஃப்" போன்ற எழுத்துகளும், "இ" என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஈரெழுத்துகளும் கிளைடுபாங்கைக் குறிப்பன. வகை எண்ணுடன் வரும் "கே" என்னும் எழுத்தும் கில்போவியையே சுட்டும்.

ஆறாவது, தைத்துப் பார்ப்பது. கையோடு ஒரு துண்டு மெல்லிய பருத்தித் துணியும், நான்காக மடித்த தடித்த துணியும், இருநிற நூலும் கொண்டு செல்ல வேண்டும். மேலே சிவப்பு, அடியில் வெள்ளை என நூல் கோத்துத் தைத்தால், மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளிகளோ அடிப்புறத்தில் சிவப்புப் புள்ளிகளோ எட்டிப் பார்க்கக் கூடாது. சிறிது பார்த்தால் இழுவிசைத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். திருகிய பின்னும் சரியாகவில்லையானால் கேள்வி எழ வேண்டும்.

இறுதியாக, மேசையையும் மிதியையும் மறக்கலாகாது. மேசைப் பலகையில் கரையான் அரித்திருக்கிறதா, மிதியையும் பெருஞ்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு நேராக உள்ளதா என்று நோக்க வேண்டும். தோற்பட்டை அறுந்திருந்தால் கவலையில்லை, அது சிறுசெலவு. யாரிடம் வாங்கினாலும் பெயரும் முகவரியும் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கி அல்லற்படுவோரும் உண்டு.

வதந்தியும் வஞ்சகமும்

பழம்பொருள் என்றவுடன் பேராசையும் கூடவே வந்துவிடுகிறது. 2009-ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் பொறிகளின் ஊசியில் "சிவப்புப் பாதரசம்" என்னும் அரும்பொருள் இருப்பதாகவும், அதனைக் கொண்டு புதையல் காணலாம் என்றும் யாரோ கிளப்பிவிட்டனர். சில நூறு ரியாலுக்கும் பெறாத பொறிகளுக்குப் பல்லாயிரம் ரியால் விலை கூறப்பட்டது. மக்கள் கடைகளை முற்றுகையிட்டனர். அப்படியொரு பொருள் பொறியில் இல்லவே இல்லை. இன்றும் நம்மூரில் சிலர், "இலட்சக்கணக்கில் போகும் பொருளாயிற்றே" என்று காதோடு காதாகக் கூறுவதுண்டு. நம்ப வேண்டா. கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொறி அது. நூறு ஆண்டு பழமை ஒன்றினாலேயே பெருவிலை வந்துவிடாது. நன்றாகத் தைக்கிறதா என்பதே அதன் மதிப்பு.

மற்றொரு வஞ்சகம், சாதாரணத் தலையின்மேல் புகழ்பெற்ற பெயரின் பொன்னெழுத்துகளை ஒட்டி விற்பது. உண்மைச் சிங்கரின் தூணில் முட்டை வடிவப் பித்தளை முத்திரை தறையப்பட்டிருக்கும். எழுத்து மட்டும் பளபளத்து, எண்ணும் முத்திரையும் இல்லாத தலையை ஐயத்தோடு நோக்குவது அறிவுடைமை.

ஒரு தையற்காரரின் வாசலில்

இனி, நான் தவறிய இடத்தைக் கூறுகிறேன்.

உறையூர்ப் பக்கம் ஒரு தையற்காரர் தம் இயந்திரத்தை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு சென்றேன். ஒரே அறை. வாசலையொட்டி ஓர் உஷா. முப்பது ஆண்டுகள் அவர் கால் பட்டுப் பட்டு மிதியின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. வீட்டில் மருத்துவச் செலவு. ஏழாயிரம் கேட்டார். அவருடைய அவசரத்தை அறிந்துகொண்ட நான், நாலாயிரத்துக்குத் தரமுடியுமா என்றேன். அவர் தலைகுனிந்து பேசாதிருந்தார். அந்த மௌனம், சம்மதிக்கப் போகும் மனிதரின் மௌனம்.

அப்போது அப்பெண் என்னைத் தனியே அழைத்தாள். "மாமா, இது வேண்டாம். அந்த அண்ணனுடைய பிழைப்பை வாங்கி நான் பிழைக்க வேண்டுமா?" என்றாள். எனக்கு நாணமாகிவிட்டது. ஏதோ சாக்குக் கூறிவிட்டுத் திரும்பினோம். நல்லதொரு செயல் செய்துவிட்ட நிறைவோடு அன்றிரவு உறங்கினேன்.

பத்து நாள் கழித்து அவ்வழியே சென்றபோது வாசலில் இயந்திரம் இல்லை. வேறொருவர் மூவாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துச் சென்றுவிட்டார் என்று பக்கத்து வீட்டார் கூறினர்.

எண்ணிப் பார்த்தேன். நாங்கள் வாங்க மறுத்ததால் அவருக்கு விளைந்த நன்மை யாது? எதுவுமில்லை. அவருடைய கருவியை நாங்கள் காப்பாற்றவில்லை. எங்கள் மனச்சான்றை மட்டுமே காப்பாற்றிக்கொண்டோம். அவர் கேட்ட விலை நியாயமானது. கையிலிருந்த ஐயாயிரத்தைக் கொடுத்து, மீதியைத் தவணையாகத் தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது அவர் மருத்துவச் செலவுக்குப் பங்கிலுள்ள அன்பர்களிடம் எடுத்துச் சொல்லி உதவி கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், முதலில் அடிமாட்டு விலை கேட்டதும், பிறகு நழுவி வந்ததும் ஆகிய இரண்டுமே பிழைதாம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் நம்மைவிட இரக்கமுள்ளது என்பேன். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு, கடனுக்காகத் தீர்ப்புப் பெற்றவர்கூட ஒரு கைவினைஞனின் தொழிற்கருவிகளைப் பறிமுதல் செய்ய இயலாது என்று விலக்களிக்கிறது. கடன்காரன் தொடமுடியாத கருவியை, அவசரம் தொட்டுவிடுகிறது. அந்த அவசரத்தைக் கண்டு விலை குறைப்போர் நாமாக இருத்தல் தகுமா?

திருவரங்கத்தில்

மூன்றாம் மாதம், மெயின்கார்டு கேட்டிலிருந்து 1-ஆம் எண் பேருந்து ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றேன். கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வீடு காலியாகும்போது பரணும் காலியாகும். அப்படியொரு வீட்டில் இயந்திரம் இருப்பதாகப் பாய்தான் தகவல் சொன்னார்.

உத்திர வீதியில் நீண்ட ஓட்டுவீடு. எண்பதைத் தாண்டிய மாமி ஒருவர். பிள்ளைகள் வெளியூரில். அடுத்த மாதம் அவரும் மகனிடம் செல்லவிருந்தார். கூடத்து ஓரத்தில், பரணிலிருந்து இறக்கப்பட்ட சிங்கர் 15-ஆம் வகை, வளைந்த மரமூடியோடு நின்றது. மேசையின் சிறு இழுப்பறையில், பாபின்கள், ஓரம் மடிக்கும் சிறு பாதங்கள், ஒரு தகர எண்ணெய்க் குப்பி, பாதி சுற்றிய வெள்ளை நூல்கண்டு ஆகியவை வைத்தது வைத்தபடி இருந்தன. கல்யாணமான புதிதில் மாமனார் வாங்கித் தந்ததாம். தெருப் பெண்பிள்ளைகள் அனைவருக்கும் அதில்தான் பாவாடை தைத்தாராம்.

சக்கரம் அசையவில்லை. பாய் குனிந்து பார்த்துவிட்டு என் காதருகே, "துருவில்லை சார், எண்ணெய் இறுகியிருக்கிறது. நல்ல மிஷின்" என்றார்.

"ஓடாத மிஷின்தானே. இரும்புக்காரன் எடைக்குப் போடச் சொல்கிறான். ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் மாமி.

ஆயிரம் ரூபாய்! பையில் ஐயாயிரம் இருக்கிறது. வாங்குபவளோ ஏழை, மிஞ்சும் நாலாயிரம் அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவாகும். விற்பவரோ கேட்டதைத்தான் வாங்கப்போகிறார். இதில் பாவம் எங்கே வந்தது என்று மனம் வாதிட்டது. ஆயினும் உறையூர் வாசல் கண்முன் நின்றது. பொறியின் உண்மை நிலையை அறிந்தவர் நாங்கள், அவர் அறியாதவர். அந்த அறியாமையின் விலையே அந்த நாலாயிரம்.

"மாமி, இது பழுதான இயந்திரமன்று. துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும். நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு பெறும்" என்றேன். மாமி சற்று நேரம் என்னையே பார்த்தார். "வாங்குகிறவர் விலையை ஏற்றிச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்" என்றார். பிறகு, யாருக்காக என்று வினவினார். கூறினோம். அப்பெண்ணை அருகே அழைத்து, "நீ என்ன தைப்பாய்? பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைக்கத் தெரியுமா?" என்று சிறு தேர்வே நடத்திவிட்டார்.

இறுதியில் மூவாயிரம் என்று அவரே முடிவு செய்தார். இலவசமாகத் தரவும் முன்வந்தார். ஆனால் அப்பெண் மறுத்துவிட்டாள். "விலை கொடுத்து வாங்கினால்தான் மாமி என்னுடையதாக இருக்கும்" என்றாள். குட்டியானை வண்டியில் ஏற்றும்போது மாமி வாசற்படியில் நின்று, மரமூடியின் மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். வேறொன்றும் பேசவில்லை.

இறுகியதை இளக்கும் வழி

வீட்டுக்கு வந்த பொறியை உடனே வலிந்து சுழற்றலாகாது. எண்ணெய்த் துளைகள் அனைத்திலும், உராயும் இடங்கள் எல்லாவற்றிலும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். இடையிடையே சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், இறுகிய பசை கரைந்து கறுப்பு நீராக வழியும். அதனைத் துடைத்துவிட்டு, தையல் இயந்திரத்துக்குரிய எண்ணெய் மட்டும் விட வேண்டும். தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ விடுவது நம்மவரிடையே பழைய வழக்கம். பொறிகள் இறுகுவதற்குப் பெருங்காரணமே அதுதான்; உண்ணும் எண்ணெய் நாளடைவில் காய்ந்து கோந்து போலாகிவிடும். பற்களுக்கு அடியில் பலகாலமாகச் சேர்ந்த பஞ்சினைக் குச்சியால் கிளறி எடுத்தல் வேண்டும். தையல் தடித்து, நூல் சுருண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் அப்பஞ்சே.

பொன்னிற ஓவியத்தைப் பளபளப்பாக்கும் ஆசையில் சாராய ஸ்பிரிட்டோ தின்னரோ கொண்டு துடைக்க வேண்டா. அதன் மேற்பூச்சு அரக்கினாலானது. ஸ்பிரிட் பட்டால் கரைந்து ஓவியமும் போய்விடும். மெல்லிய துணியில் இயந்திர எண்ணெயைத் தோய்த்து மெதுவாகத் துடைத்தாலே போதும்.

நான்காம் நாள் அந்தப் பொறி சுழன்றது. ஆறாம் நாள் தைத்தது. பழுதுபார்ப்புக்கும் புதிய தோற்பட்டைக்கும் ஊசிகளுக்கும் வண்டிக் கூலிக்கும் போக, அவள் ஐயாயிரத்தில் இன்னும் சிறிது மிஞ்சியது. பாய் தம் கூலியில் பாதியே வாங்கிக்கொண்டார்.

உள்ளதை உள்ளவாறு கூறுதல் முறை. பழைய பொறியால் எல்லாம் இயலாது. அது நேர்த்தையல் மட்டுமே போடும். ஓரம் பிரியாமல் கட்டும் தையலுக்கு வேறு பொறி வேண்டும். பெரிய ஆடைத் தொழிற்சாலையில் வேலை தேடுவோர் மின்பொறியில் பயிற்சி பெறுதலே நன்று. ஆனால், ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, கிழிந்ததைத் தைத்தல், நீளத்தைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். வேண்டுமானால் பின்னாளில் ஒரு சிறு மின்மோட்டாரையும் இணைத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பாலும் எஃகாலும் ஆன அதன் உறுப்புகள், எண்ணெய் விட்டுப் பேணினால் பேரப்பிள்ளைகள் காலம் வரை உழைக்கும்.

நிறைவாக

யோப்பா நகரத்துத் தபித்தாவைத் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் அறிவோம். அவர் மறைந்தபோது கைம்பெண்கள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியவை பொன்னோ மணியோ அல்ல. அவர் தம் கையால் தைத்துக் கொடுத்த ஆடைகளே. தையல் என்பது அவ்வளவு பழமையான அன்புத் தொழில்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பாருங்கள். அங்கே ஒரு தையற்பொறி உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனை இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுமுன், உங்கள் தெருவில் தையல் கற்றுவிட்டுப் பொறியின்றி இருக்கும் பெண் யாரேனும் உளரா என்று கேளுங்கள். வாங்குவோராயின், பொறியின் வயிற்றைப் பார்த்து வாங்குங்கள்; விற்பவரின் வயிற்றையும் நினைத்து விலை பேசுங்கள்.

இப்போது மாலைவேளையில் அவள் வீட்டுப் பக்கம் சென்றால், தெருமுனையிலேயே அந்தத் தடதடப்பு கேட்கிறது. வாசலில் ஒரு சிறு அட்டைப் பலகை தொங்குகிறது. பள்ளி திறக்கும் மாதத்தில் அவளுக்கு வந்த சீருடைத் துணிகள் பதினோரு பிள்ளைகளுடையவை. உறையூர்த் தையற்காரரைத் தேடி இரண்டு முறை சென்றேன். வீடு மாறிப் போய்விட்டார் என்றார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.